அடி வெட்டாத கூடை

முதல் பந்து கூடையில் விழுந்ததும் ஏணிக்காரர் எழுந்து வந்தார்.

எங்கள் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து ஆடும்போது கூடத்துக்குள் ஆண் வாடையே படக்கூடாது. காவலாளி கோர்மனுக்கு மட்டும் விலக்கு. இரு பக்கமும் பீச் பழக் கூடையை அடியை வெட்டாமல் அப்படியே பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்ததால், விழுந்த பந்தை யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவர் முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியை மிஸ் தேயரின் கட்டளை.

"அந்தக் கூடையோட அடியை வெட்டித் தொலைச்சா என்னவாம்? பந்து தானா விழும்ல?" என்று என் அணித் தோழி வினிஃப்ரெட் வழக்கம்போல முணுமுணுத்தாள்.

எப்போதும் சிரிப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. மாடி அறையில் என் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

போன வாரம் நகரத்துப் பத்திரிகையில் என் பெயர் வந்துவிட்டது. ஒரே ஆட்டத்தில் ஒன்பது கூடை போட்ட நட்சத்திரம் ஹென்ட்ரிகா என்று எழுதியிருந்தார்கள். ஊர்ப் போதகர் அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆப்பிள் தோட்டத்துக்கே போயிருக்கிறார். பெண்பிள்ளை தொளதொள காற்சட்டை போட்டுக்கொண்டு குதிக்கிறாள் என்றால் சும்மாவா?

அப்பாவிடமிருந்து இரண்டே வரியில் தந்தி வந்தது. சனிக்கிழமை கல்லூரிக்கு வருகிறேன். ஐந்து மணி ரயிலுக்குப் பெட்டியோடு தயாராக நில்.

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். இன்றுதான் அந்தச் சனிக்கிழமை. கல்லூரி, படிப்பு, பந்து எல்லாம் இன்று சாயங்காலத்தோடு சரி.

போகிறதுதான் போகிறோம், ஆடிவிட்டே போவோம் என்று ஆடினேன். இரண்டாம் ஆண்டு நாங்கள், எதிரே மூன்றாம் ஆண்டு அக்காமார்கள். கத்தக் கூடாது என்பதால் தோழிகள் கைக்குட்டையை ஆட்டினார்கள். நான் எறிந்ததெல்லாம் போய் விழுந்தது.

கோர்மனுக்குத்தான் அன்று என்னவோ ஆகியிருந்தது. தொப்பியைப் புருவம் வரை இறக்கி, கம்பளித் துண்டை மூக்கு வரை சுற்றியிருந்தார். சளி என்றார்கள். ஏறுவதற்கு முன் ஏணிக்காலை இரண்டு உதை உதைத்தார். ஆறு வருஷமாக யார் பக்கமும் சாயாத மனுஷர், எங்கள் பந்தை எடுக்க விறுவிறுவென்று ஏறினார். எதிரணிப் பந்துக்கு ஏணியை ஆடி அசைந்து தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு தடவை முக்காலியையே எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் கோர்மன்! சுவரு அந்தப் பக்கம் இருக்கு!"

மிஸ் தேயர் போட்ட சத்தத்தில் ஒரு கணம் ஆட்டமே நின்றது.

இரண்டு அணிக்கும் ஏழேழு கூடை. கடைசி நிமிடம். வினிஃப்ரெட் தூக்கிப்போட்ட பந்தைப் பிடித்து, நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளினேன். பந்து கூடையின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது.

விசில். கூடம் முழுக்கக் கைக்குட்டைகள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஜெயித்ததற்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது தூரத்தில் ஐந்து மணி ரயில் கூவிக்கொண்டு புறப்பட்டது.

அப்பாவைக் காணவில்லை. என் அப்பா எந்த ரயிலையும் விட்டவர் இல்லை. வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது எதுவும் தெரியாத வினிஃப்ரெட் ஏணியடிக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பாவம், மனுஷன் எத்தனை வாட்டிதான் ஏறுவார்? கத்தி இருந்தா குடுங்க மிஸ்டர் கோர்மன். இன்னிக்கே அடியை வெட்டிடுறேன்!"

உச்சிப்படியில் நின்றவர் பதறிப்போய்க் கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கையிலிருந்த பந்து கீழே விழுந்தது. கம்பளித் துண்டும் நழுவியது.

உள்ளே நரைத்த தாடி. ஆப்பிள் பறிக்க ஏறும்போது ஏணிக்காலை இரண்டு உதை உதைத்து மண்ணில் ஊன்றுகிறவரின் தாடி.

ஜன்னலுக்கு வெளியே, தொப்பி இல்லாத கோர்மன் எங்கள் தோட்டத்து ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்மா, வெட்டிராதே" என்றார் அப்பா. "அப்புறம் அடுத்த சனிக்கிழமை என்னை யாரு உள்ளே விடுவாங்க?"