முப்பத்தொரு அம்மாக்கள்

ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தொரு பேருக்கு அம்மா இல்லை. முப்பத்தொரு அம்மாக்களும் போன ஐப்பசி மழையில், தறிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, கழுகுமலை ரோட்டில் லாரி மோதி இறந்திருந்தார்கள்.

பேச்சிராஜ் சார் நோட்டுகளை விரல் நுனியால் ஒதுக்கித் தள்ளினார். இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது. ‘என் அம்மா’ என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிவரச் சொன்னதுதான் அவர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம்.

“ஏலே காசி, காலையில கேட்டுல உனக்கு டிபன் பாக்ஸ் கொடுத்துட்டுப் போனது யாரு?”

“எங்கம்மா சார்.”

“லாரியில அடிபட்டுச் செத்துட்டாங்கன்னு எழுதிருக்கே?”

காசி எட்டிப் பார்த்தான். “அப்படியா சார் இருக்கு? நான் வாசிக்கல சார். எழுதுனேன்.”

வகுப்பு சிரித்தது. “எதைப் பாத்துலே எழுதுனே?” என்றார் சார்.

“வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு சார். சோசியலு விடையெல்லாம் நான் போடுவேன். இங்கிலீசு வேற ஆளு போடும்.”

“சீ! பெத்தவளைக் கொன்னுட்டுப் பல்லை வேற இளிக்கீங்க. மனுசப் பிள்ளையளாலே நீங்க? போட்டது யாரு?”

சிரிப்பு நின்றது. காசி தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்ல மாட்டீங்க, என்னா? போட்ட ஆளு நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரணும். அம்மா வராம கிளாசுக்குள்ள கால் வைக்கக் கூடாது.”

மேசையில் இன்னும் ஒரே ஒரு நோட்டு இருந்தது. அதில் மட்டும் அம்மா உயிரோடு இருந்தாள். ஐந்து மணிக்கு எழுந்து தோசை சுட்டாள். தினமும் மகளுக்கு ரெட்டைச்சடை பின்னிவிட்டாள்.

“இசக்கிச்செல்வி யாரும்மா?”

மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். ஒரு சடை காதுக்கு மேலே தூக்கி நின்றது. மற்றது பாதி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

“பாருங்கலே இந்தப் பிள்ளையை. இவ ஒருத்திதான் அடுத்தவன் எழுதுனதைத் தொடாம, உள்ளதை எழுதிருக்கா. நாளைக்கு உங்கம்மாவை வரச் சொல்லும்மா. நான் ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லணும்.”

அவள் உட்காரவில்லை.

“உள்ளதைக் குரூப்ல போட்டுட்டேன் சார்.”