மூன்று செம்புத் தண்ணீர்

மாயழகு மூன்றாவது செம்பு மஞ்சள் தண்ணீரையும் கிடாயின் முதுகில் தெளித்துவிட்டார். கிடாய் சிலுப்பவே இல்லை. சிலுப்பினால்தான் வெட்டுவதற்கு அது சம்மதித்ததாக அர்த்தம். கோயில் பந்தலில் நூறு இலைகள் கறிச்சோற்றுக்குக் காத்திருந்தன.

"இன்னொரு செம்பு ஊத்துங்க மச்சான். சிலுப்புற வரைக்கும் ஊத்துறதுதான வழக்கம்?" என்றான் மச்சினன் தவமணி.

மாயழகு செம்பைக் கீழே வைத்தார். போன வருடம் அவருக்கு வைத்த சிறுநீரகம், ஓர் ஆட்டின் உடம்பில் அவருக்கென்றே வளர்ந்தது. எடுப்பதற்கு முன் ஆட்டிடம் கேட்க வேண்டும் என்பது சட்டம். மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் சட்டம். ஆஸ்பத்திரியிலும் இப்படித் தண்ணீர் தெளித்துத்தான் கேட்டார்கள். கட்டிலில் கிடந்தபடி மாயழகு கண்ணாடிச் சுவர் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை ஆடு அசையவில்லை. மூன்றாவது முறை சிலுப்பியது. மிச்சமுள்ள ஒற்றைச் சிறுநீரகத்தோடு இன்றும் அது ஆஸ்பத்திரித் தோட்டத்தில் மேய்கிறது.

"அந்த ஆஸ்பத்திரி ஆடு சிலுப்பாம நின்னிருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பியிருப்பாக மாப்ள. என் உசுருக்கே மூணு தடவைதான் கேட்டாக. கறிச்சோத்துக்கு நாலாவது தடவை கேக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

"அடியே, கத்திரிக்காய நறுக்குங்கடி!" என்று அவர் மனைவி ராக்கம்மா அடுப்புப் பக்கம் குரல் கொடுக்க, பந்தலே சிரித்தது.

கிடாய் நாலடி ஓடி நின்று, தலை முதல் வால் வரை சிலுப்பியது. தவமணியின் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள்.

"மச்சான், சிலுப்பிருச்சு! சம்மதம் சொல்லிருச்சு!"

"சொல்லிருச்சுதான்," என்று சிரித்தார் மாயழகு. "அவுத்து விட்டதுக்கு."