நெருங்கி நட்ட விராலி

மலையில் குடியிருக்க வேண்டுமென்றால், வீட்டுக்கு ஒதுக்கிய சரிவில் ஆளுக்கு நாற்பது கிலோ விராலிச் செடி ஆண்டுதோறும் வளர்ந்தாக வேண்டும். குறைந்தால், அந்தக் குறைவுக்கு ஓர் ஆள் கீழே சமவெளிக்கு இறங்க வேண்டும். அந்தச் சமவெளி வெயிலில் இறங்கியவர் எவரும் ஒரு சித்திரையைத் தாண்டியதில்லை.

பூரணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் புருஷன் இருளப்பன் சும்மா இருக்கவில்லை. வரப்போகும் மூன்றாவது ஆளுக்கும் சேர்த்து, நின்ற செடிகளுக்கு நடுவே இன்னொரு மடங்கு நட்டான். அவளும் மசக்கையோடு தண்ணீர் சுமந்தாள்.

குழந்தைக்கு நான்கு மாதமானபோது செடி அளக்கும் அதிகாரி அம்மாள் வந்தார். கவாத்துச் செய்து வெட்டிய கொப்புகளை நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எண்பதுதான் இருக்கு. ரெண்டு பேருக்குத்தான் காணும்."

"இம்புட்டுச் செடி நிக்குதே, தாயி!" என்றான் இருளப்பன்.

"அதான்யா கெடுத்துச்சு. ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு நிக்குது. நெருக்கத்துல எது சின்னதோ அதைப் பிடுங்கிடணும். அப்பத்தான் பெருசு தழைக்கும்." பேசிக்கொண்டே பூரணியின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இறங்குறது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணுங்க."

அவர் போனதும் இருளப்பன் சரிவுக்குப் போனான். குழந்தைக்குப் பால் கொடுத்தபடி வாசலிலிருந்து பூரணி பார்த்தாள். மார்பளவு வளர்ந்த விராலி ஒன்றை இரண்டு கையாலும் பற்றி வேரோடு பிடுங்கினான். அதன் நிழலில் விரலளவே நின்ற கன்றுக்கு மண் அணைத்துவிட்டான்.

"ஏங்க, பெருசையா பிடுங்குறீங்க?" என்று கத்தினாள்.

அவன் கை மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கீழே இறங்கும் பாதையில் நடக்கத் தொடங்கினான்.