ராஜாவை எடுத்தவன்

“பாக்ஸைப் பிரிச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு ஃபிரெண்ட்ஸ். சின்ன வயசுல நாம பால்ல கலந்து குடிச்ச அதே பவுடர் கம்பெனி, அதே கோட்டை பொம்மை செட். ரெண்டு பெரிய பாட்டில் வாங்கினா இலவசம்.”

செல்போன் வீடியோவில் மகன் நிதின் பேசிக்கொண்டிருந்தான். கல்பாக்கம் அணுமின் ஆபீஸில் ரிட்டயர் ஆகிப் புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்ட சுப்புராமன், அந்த வீடியோவை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதினுக்கு முப்பத்தெட்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு மாரடிப்பான். லீவு நாளில் பொம்மைகளை விமர்சனம் செய்து யூடியூபில் போடுவான். ஆளுக்கொரு பைத்தியம். சுப்புராமன் அதில் தலையிட்டதே இல்லை, இந்த வீடியோ வரைக்கும்.

“கோட்டைக் கதவு சங்கிலியில ஏறி இறங்குது, சூப்பர். குதிரை வீரனோட வேல்தான் வளையுது. வில்லாளிங்களுக்கு அதே பச்சைச் சட்டை. பத்துக்கு எட்டு மார்க். அப்புறம் கிரீடம் வச்ச ராஜா. என் பழைய செட்டுல ராஜா மட்டும் இல்ல. ஏன்னா குவார்ட்டர்ஸ்ல கீழ் வீட்டு ஜெபக்குமார் அதைச் சுட்டுட்டுப் போயிட்டான். டேய் ஜெபா, திருட்டுப் பயலே, எங்கடா இருக்கே? அவனைத் தெரிஞ்சவங்க சொல்லுங்க ஃபிரெண்ட்ஸ், ராஜாவை மீட்டாகணும்.”

வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டுகளில் ஆயிரக்கணக்கில் சிரிப்பு. திருடனைப் பிடிக்க ஒரு கூட்டமே கிளம்பியிருந்தது.

“அந்த இடத்தை மட்டும் வெட்டிடுடா” என்றார் சுப்புராமன், எதிரே உட்கார்ந்திருந்த நிதினிடம்.

“ஏம்ப்பா? அதுக்காகத்தான் எல்லாரும் பாக்கறாங்க. விளையாட்டாத்தானே சொன்னேன்.”

“ஒரு பையனைத் திருடன்னு சொல்றது விளையாட்டா?”

“வேற என்ன சொல்றது? ஒரு வார்த்தை சொல்லாமப் போனான், ராஜாவையும் எடுத்துக்கிட்டு.”

சுப்புராமனுக்கு உண்மை வாய் வரை வந்தது. வழக்கம்போல் விழுங்கிவிட்டார்.

ஜெபக்குமார் எங்கும் போகவில்லை. நிதின் முழுப்பரீட்சை லீவுக்குத் திருச்சியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனான். ஏழு வயது. அவன் அப்பா ஏசுபாதம், சுப்புராமனின் ஆபீஸில் வண்டி ஓட்டியவர். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் சுப்புராமன்தான் மாடிக்கு ஓடி, எதற்காக இரண்டு பையன்களும் தினமும் அடித்துக்கொண்டார்களோ அந்த ராஜாவை எடுத்துவந்து, குழந்தையின் கைக்குள் வைத்தார்.

ஏசுபாதம் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கடப்பாக்கத்துக்கே போய்விட்டார். லீவு முடிந்து வந்த நிதினிடம், பையன் தாங்கமாட்டான் என்று பயந்து, “அவங்களுக்கு டிரான்ஸ்பர்டா” என்றார் சுப்புராமன். குவார்ட்டர்ஸில் எப்போதும் ஏதாவது ஒரு வீடு டிரான்ஸ்பரில் காலியாகிக்கொண்டுதான் இருக்கும். பையன் நம்பிவிட்டான். ராஜாவைக் காணோம் என்றதும், ஜெபாதான் எடுத்திருப்பான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் முப்பது வருடம் ஓடிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். எட்டிப் பார்த்தால் ஏசுபாதம். தலை முழுக்க வெளுத்திருந்தது.

சுப்புராமன் போனைக் கவிழ்த்து வைத்தார். மனுஷன் வீடியோவைப் பார்த்துவிட்டார். சட்டையைப் பிடித்து உலுக்கினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

“சர்ச்சுல ஒரு பொண்ணு போன்ல காட்டுச்சி சார்” என்றார் ஏசுபாதம். “நம்ம நிதின் தம்பி எம்மவன் பேரைச் சொல்லிகினு இருந்திச்சி. அதான் வூட்ட விசாரிச்சிகினு வந்தேன்.”

நிதின் துள்ளி எழுந்தான். “ஜெபா அப்பாவா? அங்கிள், எங்க அந்தத் திருடன்?”

“நிதின், அவன் வந்து...” என்று ஆரம்பித்தார் சுப்புராமன். ஏசுபாதம் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

“துபாய்ல கீறான் தம்பி.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆச்சு. ஒரு பொண்ணு கீது.”

“என்னை மாதிரி தொப்பை போட்டுட்டானா?”

“பின்ன? முடி கூட கொட்டிப்போச்சி.” ஏசுபாதம் சிரித்தார்.

“என் ராஜா?”

“அவன் கையிலதான் கீது. குடுக்க மாட்டான்.”

“கேடிப்பய. இருங்க அங்கிள், நானே காபி போட்டு எடுத்துட்டு வரேன்” என்று நிதின் உள்ளே போனான்.

சுப்புராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “என்னை மன்னிச்சிடுங்க ஏசுபாதம். இன்னிக்கே அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். வீடியோவையும் எடுக்கச் சொல்றேன். செத்துப்போன குழந்தையை ஊரே திருடன்னு சொல்ற பாவம் எனக்கு வேண்டாம்.”

“அத்த சொல்லிடாதீங்கன்னு கேக்கத்தான் சார் பஸ் ஏறி வந்தேன்.”

ஏசுபாதம் சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வூட்ல அவன் ஏழு வயசுலயே நின்னுட்டான் சார். உங்க புள்ள மனசுல மட்டுந்தான் அவன் வளந்து, ஆளாயி, எங்கியோ சுத்திகினு கீறான். திருடனாவே இருந்துட்டுப் போட்டும். உசுரோட கீறான் இல்ல?”