அக்காவுக்குப் பதில் பத்து நிமிடம்

"ஏட்டி ரெஜினா, இன்னைக்கும் எனக்குப் பதிலா நீயே போய் நில்லு. அந்தப் பலகைக்கு என் முதுகைப் பார்க்காட்டித் தூக்கம் வராதாக்கும்!" மீன் செதில் ஒட்டிய கையோடு ஜெசிந்தா சிரித்தாள்.

சுவரிலிருந்த சிவப்பொளிப் பலகை, ஜெசிந்தாவின் முதுகு வலிக்குத் தினமும் பத்து நிமிடம் வெளிச்சம் கொடுக்கும். தோலைப் படமெடுத்து, சந்தேகமென்றால் ஆஸ்பத்திரிக்கும் சொல்லும். ஒரு நாள் தவறினாலும் காப்பீடு ரத்து. முகத்தைப் பார்த்து ஆளறியும் பலகை விலை கூடுதலென்று, கண்ணுக்கு மாட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டே ஆளறியும் பலகையைத் தேர்ந்தெடுத்தவள் ரெஜினாதான்.

ஒரு வருடமாகத் தினமும் செய்வதுபோலவே அக்காவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகைக்கு ஒரு முழம் தள்ளி, தன் முதுகைக் காட்டி நின்றாள்.

"புதிய மச்சம் ஏதும் உண்டா?" என்றது பலகை.

"இல்லை."

மறுநாள் ஜெசிந்தாவின் சட்டையில் ரத்தக்கறை தெரிந்தது. முதுகில் ஒரு மச்சம் புண்ணாகியிருந்தது. டாக்டர், புற்றுநோய் உள்ளே பரவிவிட்டது என்றார். ஐந்தே மாதத்தில் ஜெசிந்தாவை அடக்கம் செய்தார்கள்.

"தினமும் பார்த்த பலகை எப்படிம்மா விட்டுச்சு?" என்ற அத்தான் சேவியர், ஒரு வருடப் படங்களையும் அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினார். அவை வரும்வரை ரெஜினாவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிய மனைவியின் முதுகு அவருக்குத் தெரியாதா?

படங்கள் வந்தன. சிவப்பு வெளிச்சத்தில் எந்த முதுகும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"பாரும்மா, என் ஜெசி முதுகு எவ்வளவு சுத்தமா இருந்திருக்கு!" அவர் திரையை விரலால் தடவினார்.

ரெஜினா முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஜெசிந்தாவின் பெயர் இருந்தது. பக்கத்தில், 'தோல் நலம்'.