கோச் சொன்ன தீர்ப்பு

சண்டை போட்ட நாளிலிருந்து ஆஃபீஃபாவுக்கும் அவள் புருஷன் தாரிக்குக்கும் பேச்சே இல்லை. கலிபோர்னியாவில், சன்னிவேல் ஊரில், தங்கள் வீட்டு சோபாவின் இரு முனைகளில், ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரிக் கூடைப்பந்து அணியின் சோஷியல் மீடியா அவள் பொறுப்பு. கோச்சின் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஸ்கூலில் நன்றாக ஆடும் பையன்களைக் கொஞ்சி அணிக்கு இழுப்பதும் அவள்தான். கட்டின புருஷனுக்குக்கூடச் சொல்லக்கூடாத ஆபீஸ் ரகசியம் அது.

டெக்சாஸில் ஏழடி உயரப் பையன் ஒருவனை எப்படியாவது மடக்கியாக வேண்டும். அவனிடமிருந்து மெசேஜ் வந்தது.

"கோச், வீட்ல சண்டை. நான் முதல்ல ஸாரி கேக்கணுமா?"

ஆஃபீஃபா யோசிக்கவே இல்லை. "சிங்கம்டா நீ! எதுக்கு இறங்கிப் போகணும்? தப்பு முழுக்க அவங்க மேலதான்" என்று தட்டி, நெருப்பு எமோஜிகளை அள்ளிப் போட்டு அனுப்பினாள்.

சோபாவின் மறுமுனையில் 'டிங்' என்றது.

தாரிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தான்.

"ஆஃபீ, ஒரு டெக்சாஸ் பையனோட அக்கவுண்ட்டை நான்தான் ஹேண்டில் பண்றேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு அவன் ஏஜென்ட் ஆர்டர். அதுலேர்ந்து நம்ம சண்டைக்கு உங்க கோச்கிட்டயே ஓசியில அட்வைஸ் கேட்டேன். தப்பு முழுக்க உன் மேலதானாம். படிச்சுக் காட்டவா?"