நாற்பது ஆலிவ் மரம்

“திருட்டுப் பயலே! செத்துப்போன எங்கப்பா தோப்பை உன் பேர்ல எழுதிக்கிட்டு, இங்க உட்கார்ந்து காப்பி குடிக்கிறியா?”

ஆர்கிரிஸ் போட்ட சத்தத்தில் காப்பிக்கடையில் சீட்டாட்டம் நின்றது.

மனூசோஸ் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“பதில் வருதா பாருங்க! எங்கேர்ந்து வரும்?” என்றார் ஆர்கிரிஸ்.

முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பிரேயஸ் துறைமுகத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இனிமேல் சொந்த ஊரான கிரீட் தீவிலேயே இருந்துவிடலாம் என்று வந்திருந்தார். அவருக்கென்று உலகத்தில் இருந்தது அப்பா விட்டுப்போன நாற்பது ஆலிவ் மரமும் அந்த மண்ணும்தான். போய் விசாரித்தால், அரசாங்கத்தின் புது நிலப் பதிவேட்டில் பக்கத்துத் தோட்டத்து மனூசோஸ் பேர் இருக்கிறது. ஆடு மேய்ந்த சண்டையில் அப்பாவோடு பேச்சை நிறுத்தி, அவர் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர்!

அன்றைக்கே டவுன் வக்கீல் ஸ்டமாத்தியாவுக்குப் போன் செய்தார்.

“வியாழக்கிழமை வாங்க ஐயா. வரும்போது கோபத்தைக் கொண்டுவர வேணாம், காகிதத்தைக் கொண்டு வாங்க. அப்பாவோட பத்திரம், வரி கட்டின ரசீது, தோப்பு உங்களோடதுன்னு சத்தியம் பண்ண ரெண்டு சாட்சி. நடந்ததைத் தேதி போட்டு ஒரே பக்கத்துல எழுதுங்க.”

“ஒரு பக்கம் பத்தாதே வக்கீலம்மா.”

“பத்தும். இன்னொண்ணு, உங்களுக்கு வந்த கடிதம் அத்தனையும் வேணும். பிரிக்காததையும் சேர்த்து.”

“பிரிக்காதது இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கப்பாவும் கப்பல்காரர்தான்.”

இருந்தது. ஒரு துணிப்பை நிறைய இருந்தது. ஒவ்வொரு முறை கரையிறங்கும்போதும் வாசலில் கிடக்கும் உறைகளை அள்ளி அதில் போட்டுவிடுவார். பிரித்தால் வரி, பிரிக்காவிட்டால் நிம்மதி என்பது அவர் கணக்கு.

சாட்சிக்கு மறுபடியும் காப்பிக்கடைக்குத்தான் போனார். கடைக்காரர் லெஃப்தெரிஸைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணே, தோப்பு யாரோடது?”

“இதென்ன கேள்வி? உங்கப்பாவோடது.”

“அதையே சத்தியம் பண்ணிச் சொல்லுங்க.”

“முடியாதுப்பா. மனூசோஸோடதுன்னு ஏற்கெனவே சத்தியம் பண்ணிட்டேன்.”

லெஃப்தெரிஸ் சீட்டாட்ட மேசைப் பக்கம் கையைக் காட்டினார். “நான் மட்டுமில்லே, அந்த மூணு பேரும்தான்.”

“அதுக்கு ஆளுக்கு எத்தனை டின் ஆலிவ் எண்ணெய் லஞ்சம் குடுத்தான்?”

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லே?”

“எனக்கா வெக்கம்! ஊரே சேர்ந்து கொள்ளையடிச்சிட்டு, வெக்கம் எனக்கா?”

வியாழக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். வக்கீல் பத்திரத்தைப் பார்த்தார். ஆர்கிரிஸ் எழுதிக்கொண்டு வந்த பக்கத்தைப் படித்தார். முன்பக்கம் முடிந்து பின்பக்கமும் நிரம்பியிருந்தது. பிறகு துணிப்பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“இது நிலப் பதிவு ஆபீஸ் கடிதம். கெடுவுக்குள்ள பதியலேன்னா, உரிமையாளர் தெரியாத நிலம்னு அரசாங்கத்துக்குப் போயிடும்னு எழுதியிருக்காங்க. ரெண்டு தடவை. எங்க இருந்தீங்க?”

“சிங்கப்பூர் பக்கம்.”

அடுத்த உறை கையால் முகவரி எழுதியது. “மனூசோஸ்னு போட்டிருக்கு. இதையும் பிரிக்கலையா?”

“அவன் பேரைப் பார்த்ததுமே பையில போட்டேன்.”

வக்கீல் பிரித்துப் படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடிதத்தை ஆர்கிரிஸ் பக்கம் தள்ளினார்.

‘ஆர்கிரிஸ், போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை கெடு முடிகிறது. உன் தோப்பு அரசாங்கத்துக்குப் போய்விடும். வேறு வழி தெரியாமல் என் பேரில் பதிகிறேன். என்னுடையதுதான் என்று நாலு பேர் பொய்ச் சத்தியம் செய்கிறார்கள். நீ எப்போது வந்தாலும் என்னைக் கேட்காமலே உன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் ஐந்து பேருக்கும் ஜெயில். படித்ததும் கிழித்துப் போடு. உன் அப்பாவோடுதான் எனக்குப் பேச்சில்லை, மரங்களோடு இல்லை.’

ஆர்கிரிஸ் இரண்டு தடவை படித்தார்.

“வழக்கு போட்டா நிச்சயமா ஜெயிப்பீங்க,” என்றார் வக்கீல். “அஞ்சு பேரும் உள்ளே போவாங்க. போடட்டுமா?”

ஆர்கிரிஸ் கடிதத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வக்கீல் ஆர்கிரிஸ் எழுதிய பக்கத்தை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார். ‘எல்லார் முன்னாலும் திருடன் என்று சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் போனான். அவன் திருடன் என்பதற்கு அதுவே அத்தாட்சி.’

“ஐயா, அவர் கடிதத்தைப் படிச்சிட்டுத்தான் நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு அவர் இன்னும் நினைச்சுக்கிட்டிருப்பார்.”